வராதவர்களின் வாக்கு

வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருந்த ஒழுங்கைக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவில் ஒரு தவறணை இருந்தது. சாராயமும் கள்ளும் விற்க அரசாங்கம் குத்தகைக்கு விட்ட கடைக்கு அப்போது அதுதான் பெயர். முன்வாசல் காலி வீதியைப் பார்த்திருக்கும். மில் தொழிலாளர்களும் வண்டிக்காரர்களும் அந்த வழியாகப் போவார்கள். பக்கத்தில் ஒரு முடுக்கு. அதற்குள் நுழைந்தால் பின்வாசல். அது கோட்டும் கழுத்துப் பட்டியும் போட்டவர்களுக்கு. என் கணவர் பின்வாசல்காரர்.

கோட்டையில் ஒரு கப்பல் கம்பனிக் கந்தோரில் அவருக்கு வேலை. பின்னேர ரயில் வந்து நிற்கும் சத்தம் எங்கள் குசினிக்குள் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டதும் நான் அகப்பையைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போவேன், திரும்பி வருவேன், மறுபடி போவேன். நேராக வந்தால் உலை கொதிக்க முன் வந்துவிடலாம். அவர் வரும்போது சோறு ஆறி, கறியும் ஆறிப் போயிருக்கும். வாயில் கராம்பு, சாராய மணத்தை மறைக்க. கிணற்றடியில் நெடுநேரம் முகம் கழுவுவார். ஒரு நாளும் என்மேல் கை வைத்ததில்லை, ஒரு சொல் உரத்துப் பேசியதில்லை. வந்து, கதிரையில் இருந்து, எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார். அந்த மனிதரை எப்படிக் கோபிப்பது என்று தெரியாமலே எனக்குக் கோபம் ஏறிக்கொண்டு போகும். கலியாணம் முடித்த நாள் தொட்டு அதைப்பற்றி ஒரு வார்த்தை நாங்கள் கதைத்ததில்லை. அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் என் முழுநேர வேலையாக இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் அந்தத் தவறணையை மூடுவதா விடுவதா என்று ஊராரிடம் வாக்கெடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. வெள்ளைக்காரன் ஆட்சியில் அப்படி ஒரு சட்டம் இருந்தது. ஒரு வட்டாரத்தில் போதுமான பேர் கையெழுத்து வைத்துக் கேட்டால், அங்கே வாக்கெடுப்பு நடத்த வேண்டும். பெண்களுக்கும் வாக்குரிமை வந்து அதிக காலம் ஆகவில்லை. கேட்டதும் எனக்குக் கைகால் ஓடவில்லை. தவறணை மூடினால் அடுத்தது கால்வாய்க்கு அப்பால் வெகு தூரத்தில். என் கணவர் அரை மைல் நடப்பதற்கே முகம் சுளிப்பவர். என் வாழ்க்கையின் விடிவு அவருடைய சோம்பலில் இருக்கிறது என்று நான் உண்மையாகவே நம்பினேன்.

ஆனால் சட்டத்தில் ஒரு கொக்கி இருந்தது. வந்து போடுகிறவர்களில் பெரும்பான்மை 'மூடு' என்றால் போதாது. வாக்காளர் இடாப்பில் பெயருள்ள எல்லாரிலும் பெரும்பகுதியினர் நேரில் வந்து 'மூடு' என்று சொல்ல வேண்டும். வீட்டில் படுத்துக் கிடக்கிறவனும் தவறணைப் பக்கம், ஊருக்குப் போனவனும் தவறணைப் பக்கம். ஆகவே தவறணைக்காரருக்கு யாரையும் கூட்டிக்கொண்டு வரத் தேவையில்லை. வராமல் பார்த்துக்கொண்டால் சரி. இதை எங்கள் ஆட்கள் வாசித்தார்கள், விளங்கிக்கொண்டார்கள், பிறகு மறந்துபோனார்கள்.

எங்கள் ஆட்கள் என்று நான் சொல்வது மதுவிலக்குக் கமிட்டியை. ஒரு பிரக்கிராசியார் அதற்குத் தலைவர். நீதிமன்றத்தில் பெயர் எடுத்த வழக்குரைஞர், நெற்றி நிறையத் திருநீறு, நல்ல மனிதர். அவருக்குக் கீழே உபதலைவர்கள், காரியதரிசிகள், ஊர்வலத்துக்கு ஓர் உபகமிட்டி, நோட்டீசுக்கு ஓர் உபகமிட்டி, தேநீருக்கும் ஒன்று வைத்திருப்பார்கள், டொக்டர் ஒருவரின் மனைவி தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னதால் விட்டார்கள். எனக்குக் கொஞ்சம் படிப்பும் நல்ல கையெழுத்தும் இருந்ததால் பெண்கள் பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள். 'ஏழைகளுக்குச் செய்கிற தொண்டு' என்று எல்லாரும் சொன்னோம். நானும் சொன்னேன். தொண்டு என்ற அந்தச் சொல் எனக்குப் பெரிய திரையாக இருந்தது.

நோட்டீசுக்கு ஒரு படம் போட முடிவானது. குடிகாரன் வீடு. புருஷன் தரையில் விழுந்து கிடக்கிறான், பானை உருண்டு கிடக்கிறது, மனைவி தலையில் கைவைத்து அழுகிறாள். கீழே பெரிய எழுத்தில், தமிழிலும் சிங்களத்திலும் இங்கிலீஷிலும், "இது உங்கள் வீடா?" இந்த மூன்றில் எது மேலே வருவது என்பதற்கு ஒரு பின்னேரம் போயிற்று. அதைவிடப் பெரிய வாதம் அந்தப் பெண்ணுக்குப் பொட்டு வைப்பதா இல்லையா என்பது. வைத்தால் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்கள், தங்களைச் சேர்க்கவில்லை என்று நினைப்பார்களாம். கடைசியில் பொட்டில்லாமல் அச்சடிப்பது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்.

கொட்டாஞ்சேனை அச்சுக்கூடத்திலிருந்து கட்டுக்கட்டாக நோட்டீஸ் வந்து இறங்கியது. பிரித்துப் பார்த்தோம். நெற்றி வெறுமையாக ஒரு பெண் அழுகிறாள், முன்னால் ஒருவன் மல்லாந்து கிடக்கிறான். யார் பார்த்தாலும் சாவீடு. "இதென்ன, தவறணையை மூடச் சொல்லுறமோ, பிரேதம் எடுக்கச் சொல்லுறமோ?" என்று டொக்டர் மனைவி கேட்டார். திரும்ப அடிக்க வழியில்லை. அதனால் ஒவ்வொரு நோட்டீசுக்கும் கையால் பொட்டு வைக்கும் வேலை பெண்கள் பிரிவுக்கு வந்தது.

நெருப்புக்குச்சியைச் சிவப்பு மையில் தோய்த்து நான் பொட்டு வைத்தேன். எங்கள் வீட்டு மேசையில் குவித்துவைத்து, நாட்கணக்காக. ஒரு கட்டத்துக்குப் பிறகு அந்த முகத்தைப் பார்க்கவே எனக்குச் சகிக்கவில்லை. அவள் சேலை கிழிந்திருந்தது, என் சேலை கிழியவில்லை. மற்றப்படி என்ன வித்தியாசம் என்று மனம் கேட்டுக்கொண்டே இருந்தது. எழுந்து நடப்பேன், தண்ணீர் குடிப்பேன், மறுபடி வந்திருப்பேன். ஒரு நாள் என் கணவர் கந்தோரால் வந்து, ஒரு நோட்டீசை எடுத்துக் கையை நீட்டிப் பிடித்து வாசித்தார்.

"எந்த அச்சுக்கூடம்?" என்று கேட்டார்.

"கொட்டாஞ்சேனையில."

"எழுத்து வடிவாத்தான் இருக்கு," என்று சொல்லி, கசங்காமல் திரும்ப அடுக்கின் மேல் வைத்தார். அவ்வளவுதான்.

பிறகு வீடு வீடாகப் போகத் தொடங்கினோம். வெள்ளவத்தை ஒழுங்கைகள், பாமன்கடைப் பக்கம், கிருலப்பனை எல்லை வரை. பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள், கந்தோர் உத்தியோகம். கதவைத் தட்டினால் மரியாதையாக உள்ளே கூப்பிடுவார்கள், கோப்பி தருவார்கள், நோட்டீசைக் கையில் வாங்குவார்கள். படத்தைப் பார்த்ததும் முகம் மாறிவிடும்.

"எங்கட வீட்டில அந்தப் பழக்கம் இல்லை," என்பார்கள்.

"எங்கட வீட்டிலயும் இல்லைத்தான்," என்று நான் சொல்வேன். "எண்டாலும் ஏழையளின்ர குடும்பங்களை யோசிச்சு..."

"ஓம், ஓம். பாவங்கள்."

ஆனால் வருவதாக யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்கள் அடுத்த வீட்டு அக்காதான் உண்மையை உடைத்துச் சொன்னார். தபால் கந்தோர் உத்தியோகத்தர் ஒருவரின் மனைவி அவர், என்னைவிட வயதில் கூட, மனதில் உள்ளதை மறைக்கத் தெரியாதவர்.

"பிள்ளை, நீர் படிச்சனீர், உமக்கு விளங்கேல்லையே? 'இது உங்கட வீடா' எண்டு சுவரெல்லாம் ஒட்டி வைச்சிருக்கிறியள். பிறகு அங்க போய் வரிசையில நிண்டால், ஓம் எங்கட வீடுதான் எண்டு சொன்ன மாதிரித்தானே? மூடாதே எண்டு போடுறதுக்கு ஒருத்தனும் வாறதில்லை. வாற எல்லாரும் மூடச் சொல்லத்தான் வாறது எண்டு சனத்துக்குத் தெரியும். பெட்டிக்குள்ள போடுற சீட்டு ரகசியம். ஆனா வாசலால போறது ரகசியமே?"

இத்தனை உபகமிட்டிகளுக்கும் தெரியாத ஒன்றை அந்த அக்கா கீரை ஆய்ந்துகொண்டே சொல்லிவிட்டார். நாங்கள் குடிகாரர்களின் மனைவிமாரைக் கூப்பிட்டோம். மரியாதையுள்ள எந்தப் பெண் அந்தப் பெயருக்கு 'நான்தான்' என்று சொல்லிக்கொண்டு வெளியே வருவாள்? நானே வருவேனா? மற்றவர்களை வாருங்கள் வாருங்கள் என்று கெஞ்சிக்கொண்டு திரிந்தேனே தவிர, அந்த வாசலால் நான் போவதை ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை.

எங்கள் நோட்டீஸ் உண்மையில் பலித்த இடம் ஒன்றே ஒன்றுதான். காலி வீதியில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி தன் சுவர் முழுவதையும் ஒட்டத் தந்தார். தன் வீட்டுப் பெண்கள் எல்லாரையும் மோட்டார் காரில் திரை போட்டுக் கூட்டி வருவதாகவும் சொன்னார். அவர்கள் வந்தால் யாரும் எதுவும் நினைக்கப் போவதில்லை. அவர்கள் வீட்டில் குடி இல்லை என்பது ஊருக்கே தெரியும். தேவையில்லாதவர்களால்தான் தைரியமாக வர முடிந்தது.

தவறணைப் பக்கத்தில் கமிட்டி இல்லை, ஊர்வலம் இல்லை, சுவரில் ஒரு நோட்டீஸ் இல்லை. குத்தகைக்கு எடுத்த பெரிய முதலாளியை யாரும் கண்டதில்லை. இருந்தது ஒரே ஒரு ஆள், தவறணை மனேஜர். கொட்டாஞ்சேனைக்காரர், நடுத்தர வயது, வெள்ளைக் கோட்டு, கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை. ஒரு மத்தியானம் அவர் எங்கள் படலையடிக்கு வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"நான் ஒண்ணும் கேட்டு வரல்லம்மா. வோட்டு அன்னிக்கு வெயில் ரொம்ப இருக்கும். உங்களைப் போல குடும்பப் பெண்கள் ரோட்டுல அலையக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

"அது எங்கட அலுவல்," என்றேன்.

"ஆமாம்மா, உங்க அலுவல்தான். நான் அன்னிக்கு வோட்டுப் போடுற பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல சும்மா உக்காந்திருப்பேன். யாரு வர்றாங்க, எந்த வீட்டுலேருந்து வர்றாங்கன்னு பாத்தா எனக்குத் தெரியும். எல்லா ஐயாமாரையும் எனக்கு நல்லாப் பழக்கம். ஆனா நான் வாய் தொறக்கிற ஆளில்லை." குடையை அக்குளில் வைத்துக்கொண்டு கும்பிட்டார். அடுத்த வீட்டுப் படலைக்குப் போனார்.

எனக்கு வந்தது பயமா ஆத்திரமா என்று பிரிக்க முடியவில்லை. ஒரு மனிதன் கும்பிட்டுக்கொண்டே இப்படி மிரட்ட முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கமிட்டியில் போய்ச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால், "உம்மிடம் ஏன் அப்படிச் சொன்னான்?" என்று கேட்பார்களே. எங்கள் கமிட்டியில் இருந்த மற்றப் பெண்களுடைய படலைக்கும் அவர் போயிருப்பார் என்று நினைக்கிறேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கூட்டத்தில் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தேநீர் குடித்தோம்.

அடுத்த கூட்டத்தில் தலைவர் மகிழ்ச்சியோடு ஒரு செய்தி சொன்னார். இந்தியாவிலிருந்து ஒரு பெரிய பாகவதர் வந்திருக்கிறாராம். கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில் பகல் முழுவதும் கதாப்பிரசங்கம், மத்தியானம் அன்னதானம். வெள்ளவத்தை, பாமன்கடை, கிருலப்பனைப் பெண்களுக்கு விசேஷமாக பஸ் விடுகிறார்கள். அதுவும் வாக்கெடுப்பு நாளிலேயே.

"நல்ல சகுனம்," என்றார் தலைவர். "காலமை வோட்டைப் போட்டிட்டு அப்படியே போய்க் கதையும் கேக்கலாம்."

"பஸ் எத்தினை மணிக்கு வெளிக்கிடுது?" என்று கேட்டேன்.

"அதை விசாரிப்பம்," என்றார். எழுதியும் வைத்தார்கள்.

எனக்குப் பொறுமை இல்லை. மறுநாளே கடைசிக் கட்டு நோட்டீசை எடுத்துவரும் சாட்டில் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அச்சுக்கூடத்துக்குள் கயிறு கட்டிக் காகிதங்களைக் காயப் போட்டிருந்தார்கள். ஒரு கயிற்றில் எங்கள் அழுகிற பெண். அடுத்த கயிற்றில் தடித்த மஞ்சள் தாளில், மயில்மேல் இருக்கிற முருகன் படத்தோடு, பாகவதரின் கதாப்பிரசங்க விளம்பரம். பஸ் புறப்படும் நேரம் அதில் போட்டிருந்தது. வாக்கெடுப்புத் தொடங்க முன்னே புறப்பட்டு, முடிந்த பிறகு திரும்புகிறது. யார் செய்விக்கிறார்கள் என்று அச்சுக்கூடக்காரரிடம் கேட்டேன். அவர் மூலையைப் பார்த்தார். அங்கே சுவரில் சாய்த்து வைத்த கறுப்புக் குடை. அதன் சொந்தக்காரர் பின்கட்டில் யாரோடோ சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது பஸ்ஸுக்குள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்கள் நோட்டீஸ் மெல்லிய தாள். மழை பட்டால் சுவரிலிருந்து உரிந்து வீதியில் கிடக்கும், சனங்கள் மிதித்துக்கொண்டு போவார்கள். சாமான் கட்டக் கடைக்காரர்கள் எடுப்பார்கள். அவர்களுடையதில் சுவாமி படம். யாரால் அதை மிதிக்க முடியும், யாரால் கிழிக்க முடியும்? சில நாளில் பார்த்தால், ஒவ்வொரு வீட்டிலும் அதைச் சுவாமி அறையில் கொண்டுபோய் வைத்து, முன்னால் பூவும் வைத்திருந்தார்கள். அவர்களுக்கும் அதற்கென்று ஓர் உபகமிட்டி இருந்திருந்தால் அந்த யோசனை ஒருநாளும் வந்திருக்காது.

அன்றைக்கு பஸ்ஸால் இறங்கி நேரே தலைவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இதை வெளிப்படையாச் சொல்லி இன்னொரு நோட்டீஸ் அடிப்பம்," என்றேன்.

"சுவாமி காரியத்துக்கு எதிரா நாங்கள் நோட்டீஸ் அடிக்கிறதோ, பிள்ளை? சனம் எங்களைக் கல்லால எறியும்." பிறகு, "ஊர்வலத்தை இன்னும் பெரிசாச் செய்வம். பாண்ட் வாத்தியம் பேசியாச்சு," என்றார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. எரிச்சல்தான் அதிகம்.

வாக்கெடுப்பு அன்று என் கணவர் வழக்கத்தைவிட நேரத்தோடு எழும்பிப் போய்விட்டார். கப்பல் வருகிற நாள், கந்தோரில் வேலை அதிகம் என்றார். போனதே எனக்கு நல்லதாகப் போயிற்று. அவர் முன்னால் சேலை மாற்றிக்கொண்டு அந்த அலுவலுக்குப் புறப்பட எனக்குக் கூச்சமாக இருந்திருக்கும். படலைக்கு வந்தால், ஒழுங்கை முனையில் பஸ் நிற்கிறது. பட்டுச் சேலைகள், பூ வாசனை, ஒரே கலகலப்பு. அடுத்த வீட்டு அக்கா யன்னலுக்குள்ளால் கை காட்டினார்.

"வாரும் பிள்ளை, எனக்குப் பக்கத்தில இடம் இருக்கு!"

"அக்கா, இண்டைக்குத்தானே வோட்டு."

அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தார். "தெரியும்," என்றார் மெதுவாக. "தெரிஞ்சுதான் போறன்." பஸ் புறப்பட்டது.

வயதானவர்களைக் கூட்டி வர ரிக்ஷா பிடிப்போம் என்று வீதிக்குப் போனேன். ஒன்றும் இல்லை. கால்வாய்க் கரையில் மரநிழலில் எல்லா ரிக்ஷாக்களும் வரிசையாக நின்றன, இழுப்பவர்கள் உள்ளே சுருண்டு நித்திரை. ஒருவரை எழுப்பிக் கேட்டேன். "அத பே, நோனா," என்றார், இன்றைக்கு முடியாது அம்மா என்று. முழு நாளுக்கும் யாரோ பேசிவிட்டார்களாம், ஓடத் தேவையில்லையாம். சொல்லிவிட்டுத் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார்.

வாக்கெடுப்பு ஒரு பள்ளிக்கூடத்தில். வாசலுக்குப் பக்கத்தில் ஓலைப் பந்தல் போட்டு எங்கள் கமிட்டி மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. சட்டையில் நாடா, வாளியில் சர்பத். வீதிக்கு எதிர்ப்பக்கம் ஒரு கடை விறாந்தையில் ஒரு கதிரை, அதில் மனேஜர், மடியில் குடை. அவர் யாரையும் தடுக்கவில்லை, யாரோடும் கதைக்கவில்லை. பள்ளிக்கூடப் படலையை நோக்கி யாராவது வந்தால் எழுந்து நின்று கும்பிட்டார். பிறகு உட்கார்ந்தார். அவர் செய்தது அவ்வளவுதான்.

முஸ்லிம் முதலாளியின் கார் வந்து வந்து போனது. பிக்குமார் சிலர் வந்தார்கள். பெயர் கெட்டுவிடும் என்று பயப்படப் பிள்ளைகள் இல்லாத கிழவர்கள் வந்தார்கள். எங்கள் பெண்கள், பஸ்ஸில் போகாமல் தங்கியவர்கள், இரண்டிரண்டு பேராகச் சந்தி வரை வந்தார்கள். கதிரையிலிருந்து அவர் எழும்புவதைக் கண்டார்கள். ஏதோ வாங்க மறந்துபோனவர்களைப் போலத் திரும்பிக் கடைப்பக்கம் போனார்கள். ஒருத்தி மூன்று முறை வந்து போனாள். நான் பந்தலுக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். போய்க் கையைப் பிடித்து இழுத்து வரலாம் போல் இருந்தது. ஆனால் நான்? காலையிலிருந்து நானும் போடவில்லையே. இப்போது, இந்தச் சர்பத்தைக் கொடுத்துவிட்டு, இந்த வெயில் தணியட்டும் என்று மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். தலைவர் ஒரு முறை, "நீர் போட்டாச்சோ?" என்று கேட்டார். "இனித்தான்," என்றேன்.

மூடும் நேரம் நெருங்கியது. என் மனதுக்குள் ஒரு பக்கம் அந்தத் தவறணை. வருஷக்கணக்காக ரயில் சத்தத்துக்குப் பிறகு நான் வாசலுக்கும் குசினிக்கும் நடந்த நடை. மறுபக்கம் அந்தக் கும்பிடு. ஊர் பார்த்திருக்க, 'இந்த அம்மாவின் புருஷனை எனக்குத் தெரியும்' என்று சொல்கிற கும்பிடு. கடைசியில் எனக்கே என்மேல் அருவருப்பு வந்தது. கிளாசை வைத்துவிட்டு விறுவிறென்று நடந்தேன்.

நினைத்தபடியே அவர் எழுந்தார். கும்பிட்டார். ஆனால் எனக்கு மட்டும் வாய் திறந்தார். பந்தலில் இருந்தவர்களுக்கும் சந்தியில் நின்றவர்களுக்கும் கேட்கிற குரல்.

"ஐயா காலையிலேயே வந்து போட்டுட்டுப் போய்ட்டாரும்மா."

எனக்கு விளங்கவில்லை. கால் தானாக உள்ளே போயிற்று. சீட்டு வாங்கினேன், 'மூடு' என்று அடையாளம் போட்டேன், பெட்டியில் போட்டேன். வெளியே வந்தபோதுதான் தலைக்குள் ஏறியது. வீதியைக் கடந்து அவர் முன்னால் போய் நின்றேன்.

"ஆர் வந்தது?"

"உங்க வீட்டு ஐயாதான். கதவு தொறக்கிறதுக்கு முந்தியே வந்து நின்னாரு, முதல் ஆளு. எனக்கு வணக்கம் வேற சொன்னாரு." அவர் குரலில் கேலி இல்லை. கொஞ்சம் மனம் நொந்தவர் போலவும் இருந்தது. "தினமும் பாக்கிற முகம். அவரு வருவாருன்னு நான் நினைக்கல்லம்மா."

நான் அங்கேயே அழுதுவிடுவேன் போல் இருந்தது. சந்தோஷம்தான், பெரிய சந்தோஷம். கூடவே வெட்கம். குடிக்கிறவர் அவர், தன்னைத் தினமும் பார்க்கிற மனிதனின் முகத்துக்கு நேரே, ஊரறிய, தான் போகும் கடையை மூடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கந்தோருக்குப் போயிருக்கிறார். குடிக்காத நான் பகல் முழுவதும் சர்பத் வாளியைச் சுற்றி நடந்திருக்கிறேன். பந்தலுக்குத் திரும்பியபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது. இனி மறைக்க என்ன இருக்கிறது?

எண்ணி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை, எண்ண அவ்வளவு இருக்கவில்லை. தேவையான அளவுக்குக் கிட்டவும் வரவில்லை. தவறணை அப்படியே இருக்கும் என்று துரை ஒருவர் படியில் நின்று வாசித்தார். பாண்ட் வாத்தியக்காரர்கள் வெற்றி ஊர்வலத்துக்கு வந்திருந்தார்கள். அவர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்து அனுப்பினோம். தலைவர் மேசைமேல் ஏறி, எங்களுக்குத் தார்மீக வெற்றி என்று பேசத் தொடங்கினார். நான் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் அடுத்த வீட்டு அக்கா வேலிக்கு மேலால் வாழையிலைப் பொட்டலம் ஒன்றை நீட்டினார். சர்க்கரைப் பொங்கலும் வடையும். "என்னமாக் கதை சொன்னார் தெரியுமே, பிள்ளை. எல்லாரும் அழுதனாங்கள்," என்றார். அழுது சிவந்த கண்களாகத்தான் இருந்தன. அவரைத் திட்ட வேண்டும் என்றிருந்தது, முடியவில்லை. வாங்கிக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். எந்தக் கடைக் காசில் ஆக்கின பொங்கல் என்று எனக்குத் தெரியும், என் தொண்டையில் இறங்காது.

பின்னேர ரயில் வந்து நின்ற சத்தம் கேட்டது. அன்றைக்கு நான் வாசலுக்குப் போகவில்லை. இன்றைக்கு நேரே வருவார் என்று எனக்கு நிச்சயம். உலையில் அரிசியைப் போட்டேன். கொதித்தது, வடித்தேன். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கைக் கொளுத்தினேன். பிறகு போனேன் வாசலுக்கு, வந்தேன், போனேன்.

அவர் வந்தபோது கராம்பு வாசனை படலையிலேயே அடித்தது. கிணற்றடியில் முகம் கழுவினார். உள்ளே வந்து கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன். கலியாணம் முடித்த பிறகு முதல் தடவையாக அதைப்பற்றி வாய் திறந்தேன்.

"காலமை போனனீங்களாம்."

கோட்டில் இருந்த கை அப்படியே நின்றது. "ஆர் சொன்னது?"

"அந்த மனேஜர்தான். மூடச் சொல்லியே போட்டனீங்கள்?"

"பின்னை வேற என்னத்துக்குப் போறது?"

"அப்ப இண்டைக்கும் ஏன் அங்க போனனீங்கள்?"

அவர் கதிரையில் உட்கார்ந்தார். அன்றைக்கு எங்கேயோ பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தார்.

"திறந்து கிடக்குதே," என்றார். "மூடியிருந்தா நேரா வந்திருப்பன்."

நான் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டேன். அவரே, "நாளைக்கும் திறப்பினம்," என்றார். நான் ஆறின கறியைச் சூடாக்கக் குசினிக்குள் போனேன்.